விபத்து நேரலாம், உயிர் போகவேண்டியதில்லை: மலையகத்தின் காய மரணங்கள்

இலங்கையின் மலையகத்தில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மூன்று நாளைக்கு நாடெங்கும் அதே பேச்சு. முதல் நாள் இறந்தோர் எண்ணிக்கை, இரண்டாம் நாள் சாரதியின் தூக்கக் கலக்கம், மூன்றாம் நாள் அனுதாபச் செய்திகளும் நட்டஈட்டு அறிவிப்பும். நான்காம் நாள் அதே வளைவில் இன்னொரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போகிறது. வளைவு முன்பிருந்தபடியே இருக்கிறது.

2021 மார்ச் 20 அன்று பசறை–லுணுகலை வீதியில் 13ஆம் கட்டைக்கு அருகே தனியார் பஸ் ஒன்று விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயாவில், ரதெல்ல குறுக்கு வீதியில் இறங்கிவந்த பஸ் ஒரு வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போய்க்கொண்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டிஎல்லையில் பள்ளத்தில் விழுந்ததில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் செப்டெம்பர் 4 இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்த பஸ் எல்ல–வெல்லவாய வீதியில் விழுந்து 15 பேர். இந்த வரிசையை இன்னும் பின்னோக்கி நீட்டலாம். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பவை இரண்டு: இறக்கம், விளிம்பு.

இவை கண்ணுக்குத் தெரிந்த மரணங்கள். தெரியாதவை வேறு. மழைக்கு வழுக்கிய படிக்கட்டில் பின்மண்டை அடிபட்டவர், நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்தவர், தேயிலைக் கொழுந்துச் சுமையோடு வடிகானுக்குள் சரிந்தவர், இரவில் மோட்டார் சைக்கிளோடு மதகில் மோதிய இருபது வயதுப் பையன். இவர்களுக்கு உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி கிடைத்தால் பெரிது. ஒருவர் இருவராக இறப்பதால் யாரும் அறிக்கை விடுவதில்லை, விசாரணைக் குழுவும் அமைவதில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் பெருந்தொகை இந்தப் பக்கம்தான். இலங்கையில் ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அதாவது நாளொன்றுக்கு ஆறேழு பேர். செய்தித் தலைப்பான பஸ் விபத்துகள் அதில் சிறு பகுதி. பெரும்பகுதி மோட்டார் சைக்கிளில் சென்றவர்களும் வீதியில் நடந்தவர்களுமே.

உலகக் கணக்கும் இதே முகத்தைத்தான் காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், காயங்களாலும் வன்முறையாலும் ஆண்டுக்குச் சுமார் 44 லட்சம் பேர் இறக்கிறார்கள். மொத்த மரணங்களில் அது ஏறத்தாழ 8 சதவீதம். வீதி விபத்து மட்டும் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம். 5 வயதுக்கும் 29 வயதுக்கும் இடைப்பட்டவர்களை அதிகம் கொல்வது நோயன்று, வீதிதான். தவறி விழுந்து இறப்போர் 6 லட்சத்து 84 ஆயிரம். உலக வாகனங்களில் சுமார் 60 சதவீதம் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் ஓடுகின்றன. வீதி மரணங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அந்நாடுகளில் நிகழ்கின்றன. நம்மூர் சாரதிகளும் பாதசாரிகளும் மட்டும் பிறவியிலேயே கவனமற்றவர்கள் என்று வைத்துக்கொண்டால் ஒழிய இந்த இடைவெளிக்கு 'கவனக்குறைவு' விளக்கமாகாது.

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஹேடன். வைத்தியர், 1966இல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவரானவர். காயத்தையும் மலேரியாவைப் போல ஆராயலாம் என்றார். மலேரியாவில் ஒட்டுண்ணி எப்படியோ, காயத்தில் ஆற்றல் அப்படி: உடல் தாங்கும் அளவுக்கு மேல் அது உடலுக்குள் பாய்வதே காயம். அது பாய்வதற்கு முன், பாயும் கணத்தில், பாய்ந்த பின் என மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர், வாகனம் அல்லது கருவி, சுற்றுப்புறம் என மூன்று கைப்பிடிகள். ஆக ஒன்பது பெட்டிகள் கொண்ட ஓர் அட்டவணை. நாமோ விபத்து நடந்ததும் ஒரே பெட்டியை, 'முன்–மனிதர்' என்ற பெட்டியை, நிரப்பிவிட்டுக் கலைந்துபோகிறோம். சாரதி கைது. மற்ற எட்டும் வெறுமையாகக் கிடக்கின்றன.

மலையக வீதியை வைத்து அவற்றில் சிலவற்றை நிரப்பிப் பார்க்கலாம்.

எல்ல கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீற்றர் உயரம், வெல்லவாய சுமார் 200 மீற்றர். பத்துத் தொன் எடையுள்ள ஒரு பஸ் இந்த 800 மீற்றர் இறங்கும்போது அதன் உயரத்தில் அடங்கியிருந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போய்த் தீரவேண்டும். கணக்குப் போட்டால், 200 லீற்றருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் அது. இயந்திரம் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால் முழுவதும் பிரேக் டிரம்களுக்குள் போகிறது. டிரம் சூடேறி விரிகிறது. உராய வேண்டிய லைனிங் சூட்டில் பிடிமானத்தை இழக்கிறது. சாரதி மிதிக்கிறார், மிதி இறங்குகிறது, பஸ் நிற்பதில்லை. பதறி மீண்டும் மீண்டும் மிதித்தால் காற்று பிரேக்கில் காற்றழுத்தமும் குறைகிறது. இதில் இன்னொரு சிக்கல் உண்டு. விழுந்த பஸ்ஸை மறுநாள் பரிசோதிக்கும்போது டிரம் ஆறியிருக்கும். பெரிய பழுது எதுவும் அகப்படாமல் போகலாம். பழி மறுபடியும் சாரதியின் தலையில்.

மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய பழைய சாரதிகளிடம் இதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது: ஏறிய கியரிலேயே இறங்கு. இயந்திரமே பஸ்ஸை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்டிரலில் விட்டு இறங்குவது இந்த விதிக்கு நேர் எதிரானது. ஆனால் சாரதி அனுமதிப்பத்திரம் இறக்கம் அறியாத சமவெளியில் பெற்றாலும் செல்லும். றம்பொடை இறக்கத்தில் இரவில் இறங்குவதற்குத் தனிப் பரீட்சை கிடையாது. விடுமுறைக்கும் வெசாக்குக்கும் வசந்த காலத்துக்கும் தாழ்நாட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் பஸ்கள் நுவரெலியா ஏறுகின்றன. நீண்ட இறக்கம் தொடங்கும் இடத்தில் கட்டாயமாக நிறுத்தி டிரம் சூட்டையும் காற்றழுத்தத்தையும் பார்ப்பது, பிரேக் பிடிக்காத வாகனம் ஏறி நிற்க மணலும் சரளையும் கொட்டிய எதிரேற்றப் பாதைகள் அமைப்பது, பஸ்ஸில் துணை பிரேக்கைக் கட்டாயமாக்குவது ஆகியவை மலை நாடுகளில் பழகிப்போன ஏற்பாடுகள். விண்வெளித் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

பிரேக் போன பஸ்ஸும் பள்ளத்தில் விழவேண்டிய கட்டாயமில்லை. மலைப்பக்கத்தில் மோதி நின்றால் காயங்களோடு முடியும். விளிம்பில் என்ன நிற்கிறது என்பதே இங்கே கேள்வி. பல இடங்களில் வெள்ளையடித்த கல் தூண்கள் இடைவெளி விட்டு நிற்கின்றன. அவை வீதி எங்கே முடிகிறது என்று காட்டுமே தவிர எதையும் நிறுத்தா. தகரத் தடுப்பு வேலி கார்களுக்கு உகந்தது. உயர்ந்த பஸ்ஸின் பாரம் அதற்கு மேலாக இருப்பதால், பஸ் வேலியைத் தாண்டிக் கவிழ்ந்துவிடும். மண் கரைந்த ஓரத்தில் ஆழமாக ஊன்றாத வேலி, பஸ்ஸோடு சேர்ந்தே கீழே போகும். கொங்கிரீட் அரைச்சுவர் செலவு பிடித்தது, உண்மைதான். முழு வீதிக்கும் தேவையில்லை; ஏற்கெனவே வாகனங்கள் விழுந்த வளைவுகளிலிருந்து தொடங்கினால் போதும். அந்த வளைவுகள் எவை என்பது ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் தெரியும், தேநீர்க் கடைக்காரருக்கும் தெரியும்.

பசறையில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 13ஆம் கட்டையருகே மேலிருந்து சரிந்த பாறை வீதியின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்தது. வீதி அந்த இடத்தில் ஒடுங்கியிருந்தது. எதிரே ஒரு டிப்பர். பஸ் விளிம்புப் பக்கமாக ஒதுங்கிக் கடக்க முயன்றது. சாரதியின் அவசரம் பற்றி அப்போது எவ்வளவோ எழுதப்பட்டது. பாறை எத்தனை நாளாக அங்கே கிடந்தது, அதை அகற்ற வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அவ்வளவு மை செலவாகவில்லை.

பஸ்ஸின் உடலைப் பற்றியும் சொல்லவேண்டும். லொறிக்கான அடிச்சட்டத்தின் மேல் தகரத்தையும் கம்பியையும் வைத்துக் கட்டிய பஸ்கள் நம் வீதிகளில் நிறைய ஓடுகின்றன. கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் பயணிகள் இருக்கும் வெளி எஞ்சவேண்டும் என்பதற்காகவே ஐ.நா.வின் 66ஆம் இலக்க வாகன விதி இருக்கிறது. அப்படிச் சோதிக்கப்படாத உடலில் முதல் உருளலிலேயே கூரை இறங்கிவிடும். ஆசனங்கள் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். நின்றுகொண்டு வந்தவர்கள் யன்னல் வழியே வெளியே எறியப்படுவார்கள். ஆசனப்பட்டி பற்றி இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம். கழன்றுபோகும் ஆசனத்தில் பட்டியைக் கட்டி என்ன பயன் என்று யாராவது கேட்கவேண்டும்.

வீதியை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்தால் காரணங்கள் மாறுகின்றன, மனப்பாங்கு மாறுவதில்லை.

மலையகத்தின் பழைய சிறுதெய்வங்களில் கவ்வாத்துச் சாமியும் ரோதமுனியும் உண்டு. ஒருவர் தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்துக் கத்திக்குக் காவல், மற்றவர் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் அரைக்கும் ரோதைகளுக்குக் காவல். கை போகக்கூடிய இடம் எது, விரல் போகக்கூடிய இடம் எது என்று தெரிந்த மக்களே இந்தத் தெய்வங்களை அங்கே வைத்தார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி வருவதற்கு முன்பே ஆபத்தைக் குறித்துவைத்த வரைபடம் அது. ரோதைக்குக் கம்பிவலைக் கவசமும் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தும் விசையும் இருந்தால் ரோதமுனிக்கு வேலை குறையும், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

மலையில் கொழுந்து பறிப்பவருக்கு முதல் எதிரி சரிவு. முதுகில் சுமை, காலடியில் ஈரம், இடுப்பில் சுற்றிய படங்கு கால்களைத் தடுக்கிறது. மாலை நிறுவைக்கு நேரத்தோடு போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம் வேறு. கானுக்கு மேல் போட்ட பலகை உளுத்திருக்கும். படிகள் வெள்ளைக்காரன் காலத்துக் கல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், கைப்பிடி கிடையாது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் பாதையும் அப்படித்தான், இரவில் விளக்கும் இல்லை. குடியைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்: சாராயமும் கசிப்பும் இந்த விழுதல்களில் பலவற்றுக்குத் துணைபோகின்றன, அடிதடிக்கும் அவையே எண்ணெய். ஆனால் குடித்தவன் விழுந்தால் சாகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கைப்பிடியும் ஒரு மின்குமிழும் குடிகாரனையும் காப்பாற்றும், இருட்டில் கைக்குழந்தையோடு இறங்கும் தாயையும் காப்பாற்றும். யார் தகுதியானவர் என்று அவை பார்ப்பதில்லை.

இரண்டாவது, குளவி. வெளியூர் வாசகர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது மலையகத்தில் வழக்கமான செய்தி. அவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. உயர்ந்த மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் கூடு கட்டும் குளவிகளும் மலைத்தேனீக்களும், பருந்து கூட்டைக் கொத்தினாலோ பலத்த காற்று வீசினாலோ கலைந்து கீழே வேலை செய்பவர்கள்மேல் இறங்குகின்றன. சரிவில் ஓடமுடியாது, ஓடினால் விழவேண்டும். கொட்டு வாங்கிய சிலருக்கு உடல் ஒவ்வாமையால் கொந்தளித்து, தொண்டை வீங்கி, இரத்த அழுத்தம் விழுந்து, நிமிடங்களில் உயிர் போகலாம். அதற்கு மருந்து அட்ரினலின். தொடைத் தசையில் போடும் சிறு ஊசி, விலையும் மலிவு. அது எட்டு மைல் தள்ளியிருக்கும் வைத்தியசாலையில் இருக்கிறது. தோட்ட டிஸ்பென்சரியில், பயிற்சி பெற்ற ஒருவர் கையில், வேலை நடக்கும் நேரமெல்லாம் இருக்கவேண்டியது அது. மலைக்கு ஆள் அனுப்புமுன் கூடு இருக்கிறதா என்று பார்க்க ஒருவரை அனுப்புவது அதைவிட மலிவு.

தீயைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நல்ல செய்தியும் சொல்லலாம். மின்சாரம் எட்டாத வீடுகளில் பழைய மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்குதான் வெளிச்சமாக இருந்தது. உயரமான, இலேசான போத்தல். பூனை தட்டினாலும் விழும், உருளும், திரி கழன்று எண்ணெய் சிந்தும், பிள்ளையின் சட்டை பற்றும். எரிகாயங்களோடு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 'விளக்கைக் கவனமாக வையுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. 1990களில் வேறு விளக்கு ஒன்றைச் செய்தார். குட்டையானது, கனமானது, இரு பக்கமும் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது, மூடி திருகுமரையால் இறுகியிருப்பதால் எண்ணெய் கொட்டாது. பழைய கண்ணாடியை உருக்கிச் செய்ததால் விலையும் கொஞ்சம். 1998இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. விளக்கு விழுவதை அவர் தடுக்கவில்லை. விழும் என்று ஒப்புக்கொண்டு, விழுந்தபின் என்ன ஆகும் என்பதை மாற்றினார். லய வீடுகளுக்கு இன்று மின்சாரம் வந்துவிட்டது. இப்போது தீ பெரும்பாலும் பழைய மின்கம்பிகளிலிருந்து கிளம்புகிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்கும்போது ஒரு காம்பராவில், அதாவது ஒரு வீட்டு அறையில், பற்றிய தீ லயம் முழுவதையும் தின்கிறது. கொடகும்புரவின் கண் கொண்டு அந்தக் கூரையைப் பார்க்க யாரும் இன்னும் வரவில்லை.

இதைவிடப் பெரிய சான்றும் இலங்கையிலேயே இருக்கிறது. 1995இல் இந்த நாட்டின் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. பெரும்பாலும் விவசாய நஞ்சுகளால் நேர்ந்த மரணங்கள். அதிக நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 1984 முதலே சில, 1995இல் முக்கியமானவை, 1998இல் எண்டோசல்பன், 2008க்குப் பின் பரகுவாட் முதலானவை. அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் 70 சதவீதமளவு வீழ்ந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்த இருபது ஆண்டுகளில் இலங்கையில் யாருடைய துயரமும் 70 சதவீதம் குறைந்துவிடவில்லை. போர் நடந்தது, சுனாமி வந்தது. ஒரு கணத்து வேதனை மரணமாக முடியாதபடி நஞ்சின் வலு குறைக்கப்பட்டது, அவ்வளவுதான். பள்ளத்தோரச் சுவருக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

இனி, காயம் பட்டாகிவிட்ட பிறகு.

1990களில் சார்ள்ஸ் மொக் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது சகாக்களும் மூன்று நகரங்களில் படுகாயமடைந்தவர்களை ஒப்பிட்டார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் இறந்தோர் 35 சதவீதம், மெக்சிகோவின் மொன்டெரேயில் 55, கானாவின் குமாசியில் 63. குமாசியில் அந்த மரணங்களில் 81 சதவீதம் வைத்தியசாலைக்குப் போய்ச் சேருமுன்பே நிகழ்ந்தன. இந்த எண்ணை மலையகத்தில் வைத்துப் படிக்கவேண்டும். இங்கே ஒருவர் டயகமவிலோ பொகவந்தலாவையின் மேற்பிரிவிலோ விழுந்தால், முதலில் அவரைக் கண்டுபிடிக்கவேண்டும்; போர்வையைக் கம்பில் கட்டித் தூளியாக்கி லயம் வரை தூக்கவேண்டும்; தோட்டத்து லொறியோ முச்சக்கர வண்டியோ கிடைக்கவேண்டும்; குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் இறங்கிப் பிரதான வீதியை அடையவேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். நுவரெலியாவிலும் பதுளையிலும் பெரிய வைத்தியசாலைகள் உண்டு. தலைக்குள் இரத்தம் கசிந்தால் பெரும்பாலும் கண்டி வரை போகவேண்டும். நுவரெலியாவிலிருந்து அது 70 கிலோமீற்றருக்கு மேல், அத்தனையும் வளைவு.

இந்தப் பயணத்தில் உயிரைக் குடிப்பவை இரண்டு. ஒன்று, இரத்தப்போக்கு. வளர்ந்தவர் உடலில் சுமார் ஐந்து லீற்றர் இரத்தம். தொடைப் பெருநாடி அறுந்தால் சில நிமிடங்களே அவகாசம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, முழு உடல் பாரத்தையும் இரு உள்ளங்கைகளில் இறக்கி, 'நின்றுவிட்டதா' என்று எட்டிப் பார்க்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் பல இரத்தப்போக்குகள் நிற்கும். கோப்பித்தூள் அப்புவது, மஞ்சள் போடுவது, தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருப்பது எல்லாம் அந்த அவகாசத்தைத் தின்னும் வேலைகள். மற்றது, மூச்சு. நினைவிழந்தவரைத் தூக்கி முச்சக்கர வண்டியின் பின்னாசனத்தில் மடக்கி வைக்கிறோம். கழுத்து மார்பில் மடிகிறது, நாக்கு பின்வாங்குகிறது, வாந்தியோ இரத்தமோ மூச்சுக்குழாயில் இறங்குகிறது. இரு பக்கமும் உட்கார்ந்து அழுதுகொண்டே பிடித்திருக்கும் உறவினருக்கு அவர் மூச்சுத் திணறுவது தெரிவதில்லை. கழுத்து திருகாமல் தலையையும் உடலையும் ஒன்றாகப் புரட்டி, பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, தாடையைச் சற்று முன்தள்ளிப் பிடித்துப் போயிருந்தால் அவர் பிழைத்திருக்கக் கூடும். தட்டையான பலகை ஒன்றும் கொழுந்து லொறியும் இருந்தால், முச்சக்கர வண்டியைவிட லொறியே மேல்.

இதைச் சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுப்பதால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1997 முதல் 2001 வரை வடக்கு ஈராக்கிலும் கம்போடியாவிலும், கண்ணிவெடி நிறைந்த, வைத்தியசாலையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் இருந்த கிராமங்களில், கிராமத்தவருக்கும் உள்ளூர் மருத்துவ உதவியாளருக்கும் முதலுதவி கற்பித்தார்கள். காயமடைந்தோர் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமளவுக்கு இறங்கியது. ஹெலிகொப்டர் வாங்கவில்லை, புதிய வைத்தியசாலை கட்டவில்லை. கானாவில் வாடகை வாகனச் சாரதிகளுக்குக் கற்பித்தார்கள், ஏனெனில் காயப்பட்டவர்களை உண்மையில் ஏற்றிச் செல்பவர்கள் அவர்களே. நம் தோட்டத்து முச்சக்கர வண்டித் தரிப்பிடங்களிலும் அதே ஆட்கள்தான் நிற்கிறார்கள்.

2010இல் வெளிவந்த ஒரு பெரும் பரிசோதனையையும் குறிப்பிட வேண்டும். 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட காயமடைந்தோரிடம் டிரானெக்சாமிக் அமிலம் என்ற பழைய, மலிவான மருந்து சோதிக்கப்பட்டது. இரத்தம் உறைந்த கட்டி கரைவதைத் தடுக்கும் மருந்து அது. காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள், இயன்றால் முதல் மணியிலேயே, கொடுத்தால் உயிர்களைக் காக்கிறது. மூன்று மணி கடந்தபின் பயனில்லை, தீங்கும் நேரலாம். மூன்று மணி நேரம் என்பது மேற்பிரிவு லயத்திலிருந்து கண்டிக்குப் போகும் நேரத்துக்கு மிக அருகில் வருகிறது. முதலில் போய்ச் சேரும் சிறிய வைத்தியசாலையிலேயே அந்த ஊசி ஏறிவிட வேண்டும் என்பது இதன் பொருள்.

1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. கட்டணமில்லை. நல்ல சேவை, பலரது உயிரைக் காத்திருக்கிறது. மலையகத்தில் அதன் முட்டுக்கட்டை முகவரி. ஒரே தோட்டப் பெயரில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, புதுக்காடு, பழைய லயம். வீட்டுக்கு இலக்கமில்லை, சந்திக்குப் பலகையில்லை. பதற்றத்தில் போன் செய்பவர் 'பெரிய லயத்துக்கு வாங்க' என்கிறார். வண்டி கீழ்ப்பிரிவில் போய் நிற்கிறது. லயத்துக்கு லயம் பெரிய எழுத்தில் இலக்கமிட்டு, மும்மொழியில் சந்திப் பலகை நட்டு, அந்தப் பட்டியலைச் சேவை நிலையத்திடம் கொடுப்பதற்கு ஒரு தோட்டத்துக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

மண்சரிவை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன், ஏனெனில் அதை எல்லோரும் இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை மாவட்டங்களில் சரிந்த மண்ணுக்கு அடியில் போனவர்கள் அதில் மிகுதி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழையை வைத்து எச்சரிக்கிறது: 75 மில்லிமீற்றருக்கு மஞ்சள், 100க்குச் செம்மஞ்சள், 150க்குச் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேறு. எங்கே வெளியேறுவது? நிலம் கம்பனியினுடையது, பாடசாலையும் அதே சரிவில், கோயிலும் அதே சரிவில். எச்சரிக்கையைக் கேட்டும் போகாதவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்பவர்கள், நள்ளிரவில் ஆடுமாட்டோடும் முதியவரோடும் போகக்கூடிய ஒரு கூரையைக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

ஆக, செய்யவேண்டியவை பலவும் தெரிந்தவை, மலிவானவை. பின் ஏன் நடக்கவில்லை? பெருமளவுக்கு விடை உரிமைப் பத்திரங்களில் இருக்கிறது. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது, அடுத்தது மாகாணத்தினுடையது, அடுத்தது பிரதேச சபையினுடையது, தோட்டத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் கம்பனியினுடையது. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கைமாறியபின், கொழுந்து லொறி போகத் தேவையான அளவுக்கு மேல் அந்தப் பாதைகளைப் பார்க்க ஆளில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைகள் தோட்டக் குடியிருப்புகளில் பணம் செலவழிக்க வழியில்லாதிருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினரால் அதே மக்கள் ஏறும் படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி போடமுடியாமலிருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தக் கதவு திறந்தது.

திறந்த கதவால் இதுவரை என்ன உள்ளே போயிருக்கிறது என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. அடுத்த வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும்போது உறுப்பினரிடம் கேட்கவேண்டியவை பெரியவை அல்ல: நம் வட்டாரத்தில் கடந்த ஐந்து ஆண்டில் காயத்தால் இறந்தவர்கள் எந்தெந்த இடத்தில் விழுந்தார்கள்? திடீர் மரண விசாரணை அதிகாரியின் பதிவேட்டிலும் பொலிஸ் புத்தகத்திலும் அந்த இடங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒரு வரைபடத்தில் குறித்தால் எந்தப் படிக்கட்டுக்கு முதலில் கைப்பிடி, எந்த மதகுக்கு முதலில் சுவர், எந்த டிஸ்பென்சரிக்கு முதலில் அட்ரினலின் என்று தெரிந்துவிடும்.